சுண்ணாம்புச் சுவரும் கேபர் மரமும்

கிளாஸ்கோவுக்கு வடமேற்கே ஹெலன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு வீட்டைக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஹில் ஹவுஸ் என்று பெயர். பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காகக் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மேக்கின்டாஷ் வடிவமைத்து, 1904ல் கட்டி முடித்தது. கூண்டின் பக்கங்கள் எஃகு வளையங்களைக் கோத்துப் பின்னியவை. அந்தக் காலப் போர்வீரர்கள் போட்டுக்கொண்ட வலைக்கவசம் மாதிரியே இருக்கும். வளையங்கள் மட்டும் சுமார் 3 கோடியே 20 லட்சம். மேலே கூரை உண்டு. பக்கவாட்டில் காற்று தாராளமாகப் போய்வரும், மழையில் பெரும்பகுதி வலையிலேயே நின்றுவிடும். நனைந்த துணியைக் கொடியில் போடுவதுபோல 2019 முதல் ஒரு முழு வீட்டைக் காயப்போட்டிருக்கிறார்கள்.

வீடு இப்படி ஊறிப்போனதற்குக் காரணம் வெளிப்பூச்சு. மேக்கின்டாஷ் தம் காலத்தின் புதுப்பொருளான போர்ட்லாண்ட் சிமென்ட்டை நம்பினார். சுவர் உச்சிகளில் மழைநீரை வெளியே தள்ளிவிடும் மூடுகல்லும் வைக்கவில்லை. அவருக்குக் கோடுகள் சுத்தமாக இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சு கெட்டியானது, வளைந்து கொடுக்காது. வெயிலிலும் பனியிலும் கட்டடம் இம்மியளவு அசைந்தாலும் அதில் தலைமுடி அளவு விரிசல் விழும். அந்த விரிசல் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி கிடையாது, சிமென்ட் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் மழை பெய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தின் பழைய கட்டடங்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் கோட்டையில் தொடங்குவதைவிட இந்தக் கூண்டில் தொடங்குவது நல்லது. பழையது என்றாலே கைபடாமல் கிடந்தது என்று ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. அந்த நாட்டில் உருப்படியாக நிற்பவை பெரும்பாலும் தலைமுறைக்குத் தலைமுறை கைபட்டவை: மறுபடி பூசியவை, மறுபடி வேய்ந்தவை, மறுபடி வெட்டியவை. இனிமேல் பராமரிப்பே வேண்டாம் என்று யாரோ அடைத்துப் பூசிய இடத்தில்தான் அழுகியிருக்கிறது. அங்குள்ள கூடுகைகளுக்கும், அதாவது ஹைலாண்ட் என்ற வடக்கு மலைநாட்டின் விளையாட்டுகள், கேய்லி நடனம், பர்ன்ஸ் விருந்து எல்லாவற்றுக்கும், இதே கணக்குதான். அதற்குப் பிறகு வருவோம்; முதலில் சுவர்.

ஸ்காட்லாந்துக் கோட்டை வீடுகளின் வெளிப்பூச்சுக்கு ஹார்லிங் என்று பெயர். சுண்ணாம்பு, மணல், பொடிச்சரளை சேர்ந்த தளதளப்பான கலவை. பொதுவான அளவு ஒரு பங்கு சுண்ணாம்புக்குச் சுமார் மூன்று பங்கு மணலும் சரளையும். இதைக் கரண்டியால் தேய்ப்பதில்லை, வீசுவார்கள். விளிம்பு தூக்கிய சிறு கரண்டியில் அள்ளி, மணிக்கட்டைச் சுண்டி, சுவரில் விசிறுவது. வேகத்தோடு போய் ஒட்டுவதால் இடையில் காற்றுக்குமிழ் நிற்காது, கல்லின் சந்துகளுக்குள் கலவை ஏறிப் பிடித்துக்கொள்ளும். சொரசொரப்பான மேற்பரப்பு வழுவழுப்பான சுவரைவிடப் பரப்பளவில் பெரியது. அதனால் நனைந்த சுவர் சீக்கிரம் காய்கிறது.

கெட்டுப்போகும் இடங்கள் எல்லாம் கொத்தனாரின் அவசரத்தில்தான் இருக்கின்றன. சுவரை முன்கூட்டி நனைக்காவிட்டால் கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு பொடியாக உதிரும். சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல ஒரே ராத்திரியில் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பச் சுண்ணக்கல்லாக மாறுகிறது, அதற்கு மாதக்கணக்கு ஆகும். ஆகவே பூசிய பிறகு ஈரச்சாக்கு கட்டி வெயிலும் காற்றும் நேரே தாக்காமல் பல நாள் காக்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனால்தான் அங்கே நல்ல சுண்ணாம்பு வேலைக்காரர்கள் குளிர்காலத்தில் வெளிச்சுவரைத் தொட மாட்டார்கள். மேலே அடிக்கும் வெள்ளையும் பால் பதத்தில்தான் இருக்க வேண்டும். நாலைந்து கை அடிக்க வேண்டும், ஒவ்வொரு கைக்கும் முன்னால் சுவரை லேசாக நனைக்க வேண்டும். இரண்டே கையில் முடித்துவிடலாம் என்று கெட்டியாக அடித்தால் ஒரே குளிர்காலத்தில் செதில் செதிலாக உரியும். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை. நம் ஊரிலும் சிமென்ட் வந்து அந்தக் கைப்பழக்கத்தைத்தான் முதலில் விழுங்கியது.

அபர்டீன்ஷயரில் கிரெய்கிவார் கோட்டைக்குப் போனால் இந்தப் பூச்சு செய்யும் மாயம் தெரியும். பால்டிக் துறைமுகங்களோடு வணிகம் செய்து பணம் சேர்த்த வில்லியம் ஃபோர்ப்ஸ் 1626ல் முடித்த கோபுர வீடு, இளஞ்சிவப்பு நிறம். சென்ற நூற்றாண்டில் சிமென்ட் பூச்சு ஏறி ஈரம் உள்ளே நின்றது. அதை உரித்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பினார்கள். பிறகு மறுபடி நிறம் அடித்து 2024ல் திறந்தார்கள். இது ஒருமுறை செய்து முடிக்கிற காரியம் அல்ல. சில வருஷங்களுக்கு ஒருமுறை சாரம் கட்டியே ஆக வேண்டும்.

ஸ்டர்லிங் கோட்டையின் பெரிய மண்டபத்தில் இந்த விஷயம் ஊர்ச்சண்டையாகவே ஆனது. நான்காம் ஜேம்ஸ் மன்னர் 1500களின் தொடக்கத்தில் கட்டிய விருந்து மண்டபம் அது, நீளம் 42 மீட்டர். பின்னாளில் ராணுவம் அதைத் தடுத்து மாடிமாடியாகப் பிரித்துக் குடியிருப்பாக்கியது. அதையெல்லாம் அகற்றி, ஓக் மரக்கூரையைப் புதிதாகக் கோத்து, பழைய பூச்சின் எச்சத்தைப் பின்பற்றிப் பொன்மஞ்சள் அடித்து 1999ல் திறந்தபோது ஊருக்குள் பலருக்கு அதிர்ச்சி. சாம்பல் நிறக் கல் தெரிந்தால்தான் கோட்டை என்று பழகிய கண்கள். உண்மையில் அந்தச் சாம்பல் நிறம்தான் சிதைவின் நிறம். பூச்சு உதிர்ந்து உள்ளெலும்பு தெரிந்த நிலை. இன்று நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு அந்த மஞ்சள் மைல்கணக்கில் முன்பே தெரிகிறது. மன்னர் எதற்காக அடித்தாரோ அந்த வேலையை அது செய்கிறது.

கோபுர வீட்டைக் கண்ணால் வாசிப்பது எப்படி

ஸ்காட்லாந்தில் கோட்டை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை படை தங்கும் கோட்டைகள் அல்ல. ஒரு நிலக்கிழார் குடும்பம் வாழ்ந்த உயரமான கல்வீடுகள். வாசிக்கத் தெரிந்தால் கால் மணி நேரத்தில் முழு வீடும் பிடிபடும்.

வாசலில் இருந்து தொடங்குங்கள். மரக்கதவுக்குப் பின்னால் யெட் என்ற இரும்புக் கிராதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிட்டே போய்க் கம்பிகள் சந்திக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். கிராதியின் இரண்டு கால்பகுதிகளில் நெடுக்குக் கம்பி குறுக்குக் கம்பியைத் துளைத்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்க இரண்டு கால்பகுதிகளில் குறுக்குக் கம்பி நெடுக்கைத் துளைக்கும். இந்த மாற்றிப்போட்ட கோப்பினால் எந்தக் கம்பியையும் உருவி எடுக்க முடியாது. ஒரு கொல்லர் ஒவ்வொரு சந்திலும் இரும்பைக் காய்ச்சிக் கண் திறந்து, அடுத்த கம்பியைச் செருகிக்கொண்டே போயிருக்கிறார். கிரெய்கிவாரில் அது இன்றும் இருக்கிறது.

உள்ளே தரைத்தளம் கல் வளைவுக் கூரை போட்டிருக்கும்: சமையலறை, பண்டக அறை. தீ மேலே பரவாமல் இருப்பதற்கும் மேல்மாடிகளின் எடையைத் தாங்குவதற்கும். முதல் மாடியில் கூடம். அதற்கு மேலே படுக்கையறைகள். உச்சியில் மூலைகளில் கல் அடுக்கி வெளியே தள்ளிய சிறு கோபுரங்கள். முக்கோணச் சுவரின் விளிம்பில் படிப்படியாக ஏறும் கற்களைக் காக்கைப் படி என்பார்கள். சுழல் படிக்கட்டு வலஞ்சுழியாக ஏறுவது மேலே நிற்பவர் வாள் வீச வசதியாக என்று வழிகாட்டிகள் ஆசை ஆசையாகச் சொல்வார்கள். இடஞ்சுழிப் படிகளும் ஏராளமாக உண்டு என்பதால் அந்தக் கதையை அப்படியே விழுங்க வேண்டாம். கிரெய்கிவாரின் மேல்மாடிகளில் மின்விளக்கு கிடையாது, வெளிச்சமான பகலில் போவது புத்திசாலித்தனம். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும்; சுவர்ப்பக்கமாகக் கால் வைத்தால் வழுக்காது.

அடுத்த கேள்வி: நாம் பார்ப்பது எந்தக் காலத்தது? நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வரும் ஐலன் டோனன் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1719ல் அரசுக் கடற்படை அதைத் தகர்த்தது. சுமார் இருநூறு வருஷம் குட்டிச்சுவராகக் கிடந்தது. இன்று நிற்பது 1912க்கும் 1932க்கும் இடையில் திரும்பக் கட்டியது. எல்லாரும் படம் பிடிக்கும் அந்தக் கல்பாலமும் அப்போது வந்ததே. இதைச் சொன்னால் பயணிகள் முகம் வாடிவிடுகிறது. வாட வேண்டியதில்லை, தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். எடின்பரோ கோட்டைக்குள் சுமார் 1130ஐச் சேர்ந்த சின்ன மார்கரெட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. நகரத்திலேயே பழைய கட்டடம் அதுதான். கூட்டம் பீரங்கியைத் தேடி ஓடும்போது அதற்குள் நுழைந்துவிடுங்கள். எடின்பரோவின் தெருவில் கிளாட்ஸ்டோன்ஸ் லாண்ட் என்ற அடுக்கு வீடு. 1930களில் இடிக்கவிருந்த கட்டடத்தில் கூரைப்பலகையை எடுத்தபோது 1620ஐச் சேர்ந்த பூவும் பழமும் தீட்டிய விட்டங்கள் வெளிப்பட்டன. பூசி மறைத்ததே அந்த ஓவியத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

நுழைவுச் சீட்டு விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். அங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள். 2015ல் இன்றைய வடிவம் பெற்ற ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அரசு சார்ந்தது. எடின்பரோ, ஸ்டர்லிங் கோட்டைகள் அதன் கையில். 1931ல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து ஓர் அறக்கட்டளை. ஹில் ஹவுஸ், கிரெய்கிவார், கிளாட்ஸ்டோன்ஸ் லாண்ட் அதன் கையில். ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது. போகும் இடங்களை முதலில் எழுதிவைத்துவிட்டு, எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகமோ அந்த அட்டையை வாங்குங்கள். குளிர்காலத்தில் பல இடங்கள் பூட்டிவிடும். 2021 முதல் உயரத்துக் கற்கள் உதிர்ந்து விழும் அபாயத்தால் அரசுப் பொறுப்பிலுள்ள பல இடிபாடுகளில் வேலி போட்டு, கல் கல்லாகத் தட்டிப் பார்த்துச் சோதித்துத் திறந்து வருகிறார்கள். கிளம்பும் முன் இணையதளத்தைப் பார்ப்பது அவசியம். செப்டம்பரில் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: டோர்ஸ் ஓபன் நாள்களில் சாதாரணமாகப் பூட்டிக்கிடக்கும் கட்டடங்களையும் இலவசமாகத் திறப்பார்கள். 1990ல் கிளாஸ்கோவில் தொடங்கிய பழக்கம்.

கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ வாடகைக்கோ சொந்தமாகவோ கல் அடுக்கு வீட்டில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இதில் நேரடிச் சங்கதி உண்டு. மணற்கல் சுவரின் சந்துகளில் யாராவது சிமென்ட் அடைத்திருந்தால் சில வருஷத்தில் கல் பொரிந்து உள்வாங்கும், சிமென்ட் மட்டும் தேன்கூட்டின் சட்டம்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். கல்லைவிடச் சாந்து மென்மையாக இருக்க வேண்டும், தேய்வது சாந்தாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சாந்தை மறுபடி அடைக்கலாம், கல்லை எங்கே போய் வாங்குவது? கட்டடம் பட்டியலிடப்பட்டதா, ஏ, பி, சி என்ற பிரிவுகளில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலிட்டால் வெளிச்சுவர் மட்டும் அல்ல, உட்புறமும் அதில் அடங்கும். அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றினால் குற்ற வழக்கு. எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு, இலையுதிர்ந்த பிறகு கூரையோர மழைநீர்க் கால்வாயில் அடைத்த குப்பையை அள்ளுவது.

ஒரு சிறு விலகல். இலங்கை மலையகத்தாருக்கு இந்த ஊர்ப்பெயர்கள் புதிதில்லை. கின்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். அவரைப்போல் வந்த ஸ்காட்லாந்துத் துரைமார் தங்கள் ஊர்ப்பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள். ஹோலிரூட், டன்கெல்ட் என்பவை அங்கே அரண்மனையும் ஆற்றங்கரை ஊரும்; மலையகத்தில் தேயிலைக் கொழுந்தை எடைபோட்ட இடங்கள். சென்னை எழும்பூரில் 1821ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக எழுந்ததுதான். அதன் இளகிய மண்ணில் அடித்தளம் போட அவர்களுடைய ஊர் உத்தி உதவவில்லை. நம் ஊர்க் கிணற்று உறைகளை இறக்கித்தான் தூக்கி நிறுத்தினார்கள்.

புல்வெளியில் நடப்பது

ஹைலாண்ட் விளையாட்டுகள் ஆதிகாலம் தொட்டு இடையறாமல் வருபவை என்ற விளம்பரத்தை ஐலன் டோனனைப் பார்த்த அதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1746 ஏப்ரலில் கல்லோடன் போரில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்த யாகோபியர் தோற்றபின் வந்த சட்டம், 1747 ஆகஸ்ட் முதல் ஹைலாண்ட் ஆடைக்குத் தடை போட்டது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை, இரண்டாவதுக்கு ஏழு வருஷ நாடுகடத்தல். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பைக்குழலையும் தடை செய்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. 1782ல் தடை நீங்கியது. 1788ல் இன்வர்னஸில் நார்தர்ன் மீட்டிங் தொடங்கியது. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் ஊரே கட்டம் போட்ட துணியில் திரண்டது. 1848ல் விக்டோரியா ராணி பிரேமார் கூடுகைக்குப் போனார். இன்று நாம் பார்க்கும் வடிவம் பெரிதும் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்த சட்டை. உள்ளே இருக்கும் உடம்பு அதைவிடப் பழையது: பண்ணையாட்கள் கையில் கிடைத்த எடைக்கல்லையும் கழியையும் வைத்துப் பலம் பார்த்தது.

எடைகளே அதைச் சொல்லும். ஒற்றைக் கையால் குறுக்குக் கம்பிக்கு மேலே தூக்கி எறியும் எடை 56 பவுண்டு, அதாவது 25.4 கிலோ. பண்ணைத் தராசில் நாலு ஸ்டோன் என்ற படிக்கல். தூர எறிதலுக்கு அதுவும் அதில் பாதியான 28 பவுண்டும். சம்மட்டி எறிதலில் 16, 22 பவுண்டு இரும்புக் குண்டு, மரக்காம்பு. ஒலிம்பிக் ஆட்டத்தைப்போல உடம்போடு சுழன்று வர முடியாது, கால்கள் நட்ட இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகச் சிலர் காலணியின் முன்பக்கம் இரும்புத் தகடு பொருத்தித் தரையில் குத்தி ஊன்றிக்கொள்வார்கள். தலைக்கு மேலே குண்டு சுற்றும்போது முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காதீர்கள்.

கேபர் என்ற நீண்ட மரக்கழியை எறிவதில் பார்வையாளர்கள் தொண்ணூறு சதவீதம் தப்பான இடத்தில் கை தட்டுவார்கள். தூரம் கணக்கில்லை. பிரேமாரின் புகழ்பெற்ற கேபர் 19 அடி 9 அங்குல நீளம், 132 பவுண்டு, கிட்டத்தட்ட 60 கிலோ. ஒரு முனை பருத்தும் மறு முனை மெலிந்தும் இருக்கும். உதவியாளர்கள் பருத்த முனை மேலே வரும்படி நிறுத்திக் கொடுப்பார்கள். எறிபவர் குந்தி, விரல்களைக் கோத்து மெலிந்த முனைக்கு அடியில் கொடுத்து, மரத்தைத் தோளில் சாய்த்துத் தூக்குவார். சமநிலை கிடைத்ததும் ஓட்டம். சட்டென்று நின்று, உள்ளங்கைகளை மேல்நோக்கி வாரிவிட வேண்டும். பருத்த முனை தரையில் குத்த, மெலிந்த முனை வானத்தில் அரைவட்டம் போட்டு அவருக்கு எதிர்த்திசையில் விழ வேண்டும். நேர் எதிரே விழுந்தால் பன்னிரண்டு மணி, முழு மதிப்பெண். சற்று வலமாகச் சாய்ந்தால் ஒரு மணி, இடமாகப் போனால் பதினொன்று. நடுவர் பின்னாலேயே ஓடிவந்து பார்ப்பது இந்தக் கடிகாரத்தைத்தான். புரளாமல் திரும்பி விழுந்தால் எத்தனை பாகை எழும்பியது என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

கெடுவது மூன்று இடத்தில். சமநிலை வருமுன் ஓடத் தொடங்கினால் மரம்தான் ஆளை இழுத்துக்கொண்டு போகும். நிற்காமல் ஓட்டத்திலேயே எறிந்தால் வேகம் மரத்துக்கு ஏறாது. கையைச் சீக்கிரம் விட்டால் பருத்த முனை குத்தும், ஆனால் புரளத் தேவையான தூக்கல் இருக்காது. அன்று யாராலுமே புரட்ட முடியாவிட்டால் ரம்பத்தைக் கொண்டுவந்து மரத்தைக் கொஞ்சம் அறுத்துக் குறைத்துவிடுவார்கள். மறுபடி சுற்று. மரத்தை வணங்கி வைக்காமல் அறுத்து ஆடுகிறார்களே, அதுதான் அங்கே பிடித்த விஷயம்.

மைதானத்தின் ஒதுக்குப்புறத்தில் தனியாக ஒருவர் மிக மெதுவாக நடந்துகொண்டே பைக்குழல் ஊதுவார். மேசையில் நடுவர்கள், சுற்றிப் பத்துப்பேர்கூட இருக்க மாட்டார்கள். பீப்ரோக் என்ற பெரிய இசை அது. உர்லர் என்ற அடிப்படை மெட்டில் தொடங்கி, மாறுபாடுகளாகப் பின்னிக்கொண்டே போய், கடைசியில் அடிமெட்டுக்குத் திரும்பும். பத்து நிமிஷத்துக்கு மேலே ஓடும். குழலில் மொத்தம் ஒன்பது ஸ்வரம். தோளில் சாய்ந்த மூன்று குழாய்களும் விடாமல் ஒரே சுருதி பிடிக்கின்றன, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுபவரைப்போல. பையில் காற்று இருப்பதால் மூச்சு வாங்க இடைவெளி விழாது. ஸ்வரத்தை அழுத்திச் சொல்ல இருக்கும் ஒரே வழி விரல் நுனியின் சொடுக்குகள். ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் கூடுகையிலேயே இதுதான் சொந்தமாகத் தோன்றும். குளிரில் சீவாளியின் சுருதி இறங்கும், அதனால் ஊதுவதற்கு முன்னால் நெடுநேரம் சுருதி சேர்ப்பார்கள். அதையே நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டி எழுந்து போய்விடாதீர்கள்.

எங்கே போவது? பிரேமார் கூடுகை செப்டம்பர் முதல் சனிக்கிழமை. அரச குடும்பம் வரும், சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும், தூரத்தில் உட்கார்ந்து தொப்பிகளைப் பார்க்கலாம். நடன ஆர்வம் இருந்தால் ஆகஸ்ட் கடைசியில் டுனூனில் நடக்கும் கவல் கூடுகை. வாள் நடனத்தைக் கிட்டே இருந்து பாருங்கள்: தரையில் குறுக்காகக் கிடக்கும் வாளைக் கால் தட்டி நகர்த்திவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. என் ஓட்டு ஸ்ட்ராத்டனில் ஆகஸ்ட் நான்காம் சனிக்கிழமை நடக்கும் லோனக் கூடுகைக்கு. ஈட்டி ஏந்திய ஆண்கள் காலையிலிருந்து வீடு வீடாக நடந்து, நின்ற இடத்தில் எல்லாம் ஒரு மடக்கு விஸ்கி குடித்துவிட்டு மைதானத்துக்கு வருவார்கள். பின்னால் ஒரு குதிரைவண்டி வரும், நடக்க முடியாமல் போனவர்களை ஏற்றிக்கொள்ள. ஃபைஃபில் சீரீஸ் என்ற கிராமம் 1314லிருந்து நடத்துவதாகச் சொல்லிக்கொள்கிறது. ஜூன் கடைசிச் சனிக்கிழமை, கயிற்றோரம் நின்றால் மரம் விழும் அதிர்வு காலில் தெரியும். எங்கே போனாலும் மழைக்கோட்டும், சேற்றுக்குத் தாங்கும் காலணியும், மிட்ஜ் என்ற பொடிக்கொசுவுக்குத் தைலமும் வேண்டும். காற்றடித்தால் மிட்ஜ் எழும்பாது. காற்று நின்ற ஈரமான மாலைதான் ஆபத்து. கில்ட் என்ற கட்டம் போட்ட பாவாடையைக் கட்ட ஆசையிருந்தால் தாராளமாகக் கட்டலாம், எந்தக் குலம் என்று கேட்டு யாரும் மறிக்கப் போவதில்லை. மடிப்புகள் பின்னால், தட்டைப் பக்கம் முன்னால், கீழ்விளிம்பு முழங்காலின் நடுவில். முன்பக்க ஊசியை மேலே இருக்கும் துணியில் மட்டும் குத்துங்கள். அடியில் இருக்கும் துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

பர்ன்ஸ் விருந்து கட்டடமும் கூடுகையும் ஒன்றான இடம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25ல் பிறந்தது அலோவேயில், அவருடைய தந்தை தம் கையால் கட்டிய களிமண் சுவர், கூரை வேய்ந்த குடிசையில். அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1801 ஜூலையில் ஒன்பது பேர் அதே குடிசையில் கூடிச் சாப்பிட்டார்கள். அப்போது அது மதுக்கடை. இன்று ஜனவரி 25 ராத்திரி உலகமெங்கும் நடக்கும் விருந்து அங்கே முளைத்தது. நடத்துகிறவர்கள் சறுக்குவது ஹாகிஸ் என்ற உணவில்தான். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து அடைத்த பை அது. கடையில் வாங்குவது ஏற்கெனவே வெந்தது; சூடாக்கினால் போதும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் தோல் வெடித்து முழுவதும் கஞ்சியாகும். அலுமினியத் தாளில் சுற்றி, தண்ணீர் கொதிக்காமல் லேசாக அசையும் சூட்டில் வைக்க வேண்டும். பைக்குழலோடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, கவிதை சொல்பவர் நடுவரியில் கத்தியைச் செருகும்போது உள்ளே அடைபட்ட ஆவி முகத்தில் பீச்சியடிக்கும். சமையல்காரர் முன்னமே சின்னதாக ஒரு கீறல் போட்டு அனுப்புவது வழக்கம். கடைசியில் எல்லாரும் கைகோத்துப் பாடும்போது, கைகளை மார்புக்குக் குறுக்கே மாற்றிப் பிடிப்பது இறுதிச் சரணத்தில் மட்டும்தான்.

கேய்லிக்கும் நம் கேலிக்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தச் சொல்லுக்கு ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று பொருள். இன்று கல்யாண மண்டபங்களில் அது நடனம். முதலில் வருவது பெரும்பாலும் கே கார்டன்ஸ். ஜோடிகள் வட்டமாக, கடிகாரத்துக்கு எதிர்த்திசை பார்த்து நிற்பார்கள். ஆணின் வலக்கை பெண்ணின் தோளுக்கு மேலாகப் போய் அவள் வலக்கையைப் பிடிக்கும், இடக்கைகள் முன்னால் சேரும். நாலு அடி முன்னே. கையை விடாமல் நின்ற இடத்தில் திரும்பி, அதே திசையில் நாலு அடி பின்னோக்கி. இங்கேதான் புதியவர்கள் மோதிக்கொள்வார்கள்: உடம்பு திரும்புகிறது, பயணத்தின் திசை திரும்புவதில்லை. பிறகு இதையே மறுதிசையில். அடுத்து ஆணின் உயர்ந்த கைக்கு அடியில் பெண் சுழல்வாள், அதன் பின் இருவரும் பிடித்துக்கொண்டு போல்கா. பதினாறு தாளக்கட்டில் ஒரு சுற்று. ஸ்ட்ரிப் த வில்லோ என்ற நடனத்தை ஆடும்போது விரல்களைப் பிடிக்காமல் முழங்கையைக் கோத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறினால் விரல் சுளுக்கும்.

இந்தச் சொல் பிறந்த வீட்டைப் பார்க்க லூயிஸ் தீவுக்குப் போக வேண்டும். அர்னால் ஊரில் 42ஆம் எண் கருப்பு வீடு, 1880களை ஒட்டியது, 1966 வரை ஆள் இருந்தது. சாந்தே இல்லாமல் அடுக்கிய இரட்டைக் கல்சுவர், நடுவில் மண் நிரப்பியது. கூரை வெளிச்சுவரைத் தாண்டி நீளாது, உட்சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும். கூரையில் விழும் மழை சுவரின் நடுமண்ணுக்குள் வடிந்து அதை ஈரமாக வைக்கும், ஈரமண் காற்றைப் புகவிடாது. நீட்டிய கூரையோரம் இல்லாததால் அட்லாண்டிக் புயலுக்குப் பிடித்துத் தூக்க இடம் கிடைக்காது. மேலே கயிறு போட்டுக் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் மாடும் மனிதரும். புகைபோக்கி கிடையாது, நடுத்தரையில் பீட் என்ற சதுப்புக்கரி எரியும், புகை வேய்ந்த கூரை வழியாகவே கசியும். மாலையில் அக்கம்பக்கத்தார் அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடியதும் கதை சொன்னதும்தான் கேய்லி.

மரம் அரிதான அந்தத் தீவில் கூரைக்கழி பெரிய சொத்து. கடலில் ஒதுங்கிய கட்டையைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள்; வீடு மாறினால் கழிகளைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கூரைக்கழிக்குக் கேலிக் மொழியில் கபர் என்று பெயர், பிரேமாரில் தூக்கி எறிகிறார்களே, அந்தக் கேபர். கரி படிந்த கூரைப்புல்லை எடுத்து வயலுக்கு உரமாகப் போட்டுவிட்டுப் புதிது வேய்வார்கள். நெருப்பு அணைந்த வீட்டில் கூரை ஈரம் ஏறி மக்கத் தொடங்கும். புகைதான் அதைக் காயவைத்துக்கொண்டிருந்தது, பூச்சியையும் விரட்டிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் குடியில்லாத 42ஆம் எண்ணில் இன்றும் பீட் எரிகிறது. கண் எரியும், குனிந்து உட்கார்ந்தால் புகை தலைக்கு மேலே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், லூயிஸ் தீவில் அன்று ஓய்வுநாள், கதவு பூட்டியிருக்கும்.